ஒரே கனமுள்ள உறைகள்

அவரைப் பற்றி என் மேசைக்கு வந்த முதல் காகிதம் ஒரு தணிக்கை ஆட்சேபம். மரபணுப் பிரிவில் ஒரு பணியாளர் எதுவும் அச்சிடாத வெள்ளைத் தாள்களை உறைகளுக்குள் வைத்து நோயாளிகளுக்குக் கொடுத்து வருகிறார், இதற்கு விளக்கம் தேவை என்று எழுதியிருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவ நிறுவனத்தின் நிர்வாக அதிகாரியாக நான் இருந்த காலம். ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. எழுதுமுன் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுவிடுவேன். பதிலில் அவர் சொன்னது எதுவும் இருக்காது என்றாலும் கேட்பது முறை.

வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. சாம்பல் நிறக் கோட்டு. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். பொதுவாக என் அறைக்குள் வருபவர்கள் பயந்தோ எரிச்சலோடோ வருவார்கள். இவர் பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார்.

"வெத்துப் பேப்பர் எதுக்கும்மா உறைக்குள்ள?"

"குறை இருக்குன்னு வர்ற ரிப்போர்ட் மூணு பக்கம் சார். இல்லன்னு வர்றது ஒரு பக்கம்தான். உறையக் கையில குடுத்துட்டுத்தான் நான் பேச ஆரம்பிப்பேன். வாங்கின உடனே கையிலயே எடை போட்டுடறாங்க. வெளியில போனா வராந்தாவுல இருக்கிறவங்களும் அதைத்தான் பாக்கிறாங்க. தடிச்ச உறை வச்சிருக்கிறவர்கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி உக்காருறாங்க. அதான் மெலிசா இருக்கிறதுல ரெண்டு தாள் சேத்து வைக்கிறேன். எல்லாம் ஒரே கனம்."

"இதை யார்கிட்டயாவது அனுமதி வாங்கிச் செஞ்சீங்களா?"

"இல்ல சார். கேட்டா என்ன பதில் வரும்னு தெரியும்."

நோயாளியின் அந்தரங்கம் காக்கும் பொருட்டு மேற்கொள்ளப்படும் பாதுகாப்பு ஏற்பாடு என்று நான் பதில் எழுதினேன். ஆட்சேபம் கைவிடப்பட்டது. அன்று முதல் அவருக்கு மாதம் ஒரு கட்டுத் தாள் கூடுதலாகப் போயிற்று.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் நிறுவனத்தின் இரகசியக் காப்புப் படிவத்தில் நானும் கையெழுத்திட்டவன், அதில் ஓய்வுக்குப் பிறகு விலக்கு என்று எதுவும் இல்லை. அவருடைய பதவியின் பெயர் மரபணு கவுன்சிலர். பலகையில் 'கவுன்சிலர்' என்பது மட்டும் பெரிதாக இருந்ததால், நகராட்சி உறுப்பினர் என்று நினைத்துக் குடிநீர்க் குழாய்ப் புகாரோடு வந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்து முழுதாகக் கேட்டுவிட்டு, எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தம்பானூர் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர் என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவரிடம் வந்த குடும்பங்களில் ஒரு வகையினர் ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்காக வந்தார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. நரம்புச் செல்களின் மேற்பரப்பில் நின்று, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தை உண்டாக்குவது அதன் வேலை. கருவில் மூளை உருவாகும்போது நரம்பு இழைகள் இந்தப் பிடிப்பின் துணையோடுதான் தங்கள் வழியில் நீண்டு போகின்றன. மரபணுவில் பிழை இருந்தால் மூளைக்குள் நீர் தேங்கலாம், தலை பெருக்கலாம், கால்கள் விறைக்கலாம், கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்தே கிடக்கலாம். தாயிடம் அந்த மரபணுவின் பிழையில்லாத இன்னொரு பிரதி இருப்பதால் அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மகனுக்கு இருப்பது ஒரே பிரதி. ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதையே நான் ஒரு கமிட்டிக்காக எழுதியபோது இரண்டு பக்கம் ஆயிற்று. அவர் தன் கைப்பையின் மூடியில் இருந்த ஒட்டுப் பட்டையைப் பர்ரென்று பிரித்துக் காட்டுவார். "நரம்பு வளரும்போது இப்படித்தான் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுப் பிடிச்சுப் போகும். உங்க குடும்பத்துல இந்தப் பிடி சரியில்ல." அவ்வளவுதான். எஸ்டேட்டில் தேயிலை கிள்ளும் பெண்ணுக்கும் கழக்கூட்டத்துக் கணினி அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கும் இதே வாக்கியங்கள், இதே பர்ர். பிரித்துப் பிரித்துப் பட்டை தேய்ந்துபோய், பையை ஊக்கு குத்தித்தான் மூடிவைத்திருந்தார்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதுதான்: எல்லாருக்கும் ஒரே மாதிரி. முடிவு எதுவானாலும் அதே முகம், அதே குரல், அதே இருபது நிமிடம். இது இயல்பா பயிற்சியா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அதற்காக அவர் மெனக்கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமைதோறும் முடிவுகள் கொடுக்கப்படும். வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு அந்த அறையின் கதவைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது, பொன்முடியிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா தண்ணி குடுத்தாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் அண்ணாச்சி. நான் மூணு வாரமாப் பாக்கேன். தண்ணி குடிச்சவன் ஒருத்தனும் சிரிச்சுக்கிட்டு வெளியில வரல."

இதை நான் போகிற போக்கில் அவரிடம் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை முதல் உள்ளே போகிற எல்லாருக்கும், நாற்காலியில் உட்காருமுன்பே, ஒரு தம்ளர் தண்ணீர். பிறகு கதவு. கெட்ட செய்தி என்றால் கதவைச் சாத்துகிறார் என்று கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் சாத்தினார். மருத்துவரை உள்ளே அழைத்தால் ஆபத்து என்றார்கள். எல்லாருக்கும் அழைத்தார். மருத்துவர் என்னிடம் வந்து முறையிட்டார், நன்றாக இருக்கிற கருவுக்கு நான் எதற்கு என்று. கலந்தாலோசனையின்போது மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்று நடைமுறைக் கையேட்டில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் காட்டினேன். அதை அதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை.

இன்னொரு சிக்கல், கரு ஆணா பெண்ணா என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. ஆண் பிள்ளைக்கு வரும் நோய் என்றும் சொல்லவேண்டும், பிள்ளை எது என்று சொல்லவும் கூடாது. ஆகவே அவருடைய வாயிலிருந்து இரண்டே வாக்கியங்கள்தான் வரும். குறை இருக்கிறது, அல்லது இல்லை. இல்லை என்று கேட்டவர்கள் அடுத்த நொடியே வழக்கறிஞர்களாகிவிடுவார்கள். கோட்டைப் பக்கத்து அக்கிரகாரத்திலிருந்து மருமகளோடு வந்த ஒரு மாமி விடவே இல்லை.

"ஆணா பொண்ணான்னு நான் கேக்கலைடியம்மா. அது தப்பு, நேக்குத் தெரியும். அரைஞாண் வாங்கணுமா, கொலுசு வாங்கணுமா, அதை மட்டும் சொல்லு."

"ரெண்டும் கடையில கிடைக்கும் மாமி."

"கல்லுளிமங்கிடீ நீ!"

"ஆமா மாமி. தண்ணியக் குடிங்க."

அலுவலகத்திலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. மரக்கட்டை என்றார்கள். பதவி உயர்வு ஆணையை நான் கையில் கொடுத்தபோது, இரண்டு தடவை வாசித்துவிட்டு, தேதியில் ஒரு பிழை இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு நாள் மாலை தம்பானூர் பேருந்து நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "சேச்சி, என் மகனைப் பாருங்க, நீங்க அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்களே, அவன்தான்." குழந்தை ஐந்து விரல்களையும் விரித்து அவருடைய கண்ணாடியைப் பிடிக்கப் பார்த்தது. அவர் குழந்தையைத் தொடவில்லை. "எந்த பஸ்சு?" என்று கேட்டார். "அது இப்போ எட்டாம் நம்பர் பக்கம் நிக்கும், சீக்கிரம் போங்க." அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

எனக்கே சற்றுக் கோபம் வந்தது. "கொஞ்சம் சிரிச்சிருக்கலாமே" என்றேன்.

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல பச்சைச் சேலை தெரியுதா சார்? போன மாசம் என்கிட்ட வந்தவங்க. இருக்குன்னு சொல்லி அனுப்பினேன். நான் என்ன பண்றேன்னுதான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இதையெல்லாம் ஒரு சுவாரசியமான ஊழியரைப் பற்றிய குறிப்புகளாகவே நான் வைத்திருந்திருப்பேன். ஆனால் என் மகளுக்குப் பிறந்த முதல் குழந்தை பெரிய தலையோடும் மடிந்த கட்டைவிரல்களோடும் பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போயிற்று. சொந்த நிறுவனத்திலேயே சொந்தக்காரருக்குப் பரிசோதனை செய்யலாமா என்று விதிகளைப் பார்த்தேன். தடை இல்லை. முதல் கலந்தாலோசனைக்கு மகளோடு நானும் என் மனைவியும் போனோம். மனைவியிடமிருந்துதான் தொடங்கினார். ஒரு பெரிய தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று வம்ச வரைபடம் போடுவது அவர் வழக்கம்.

"உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"நாங்க நாலு பேரு. நாலும் பொண்ணு."

பென்சில் நான்கு வட்டம் போட்டுவிட்டு அங்கேயே நின்றது. உதவி செய்வதாக நினைத்து நான், "நாலுதான். எல்லாரையும் கல்யாணத்துலயே பாத்திருக்கேன்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மனைவியையும் உற்றுப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்புறம் ஒண்ணு பிறந்தது" என்றாள் என் மனைவி. "தம்பி. ரெண்டு வயசு வரைக்கும் இருந்தான். அம்மா அவனை வாசலுக்குக் கொண்டுவரவே மாட்டா. தலை பெருசா இருக்கும்."

"கை எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

என் மனைவி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, அதன்மேல் மற்ற நான்கு விரல்களையும் மூடிக் காட்டினாள். முப்பத்திரண்டு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்ப இது என்கிட்ட இருந்துதானா?" என்று மனைவி கேட்டாள்.

"யாரும் கேட்டு வாங்கலம்மா, யாரும் பாத்துக் குடுக்கல" என்றார். சாத்திய கதவுக்கு வெளியே நடக்கும்போது இதே வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று அப்போது நினைத்தேன். மனப்பாடம்தான். என் மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று என்னிடம் சொன்னாள்.

மகள் மறுபடியும் கருவுற்றபோது மருமகன் அலுவலக வேலையாக இரண்டு மாதம் வெளிநாட்டில் இருந்தான். பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனைக்குப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை முடிவு என்று தேதி கொடுத்தார்கள். புதன்கிழமை மாலை மறுநாளைய உறைகளின் எண்கள் அடங்கிய பதிவேடு வழக்கம்போல் என் மேலொப்பத்துக்கு வந்தது. அதில் ஓர் எண் என் மகளுடையது. கையெழுத்துப் போட்டேன். பிறகு எழுந்து, முப்பது வருடச் சேவையில் ஒருவரையும் செய்ய விடாத ஒன்றைச் செய்வதற்காக, அவருடைய அறைக்குப் போனேன்.

உறைகளுக்குள் தாள் வைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

"நாளைக்கு வர்றதுல ஒண்ணு..."

"தெரியும் சார். இப்போ கேக்கிறது ஆபீஸ் காரியமா?"

"இல்ல."

"அப்போ படிவம் பாக்கணும்."

கோப்பை எடுத்து, மற்ற பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். முடிவை யாரிடமெல்லாம் தெரிவிக்கலாம் என்று ஒரு கட்டம். முன்பு அதில் கணவர் அல்லது காப்பாளர் என்று அச்சடித்தே இருந்தது. ஒரு கூட்டத்தில் வாதாடி அதை எடுத்துவிட்டு, நோயாளியே நிரப்பும்படி காலியாக விடச் செய்தவன் நான். என் மகள் அதில் தன் கையெழுத்தில், 'என்னிடம் மட்டும்' என்று எழுதியிருந்தாள்.

"இந்தக் கட்டத்தைச் சேர்த்தது நான்தான்" என்றேன்.

"நல்ல கட்டம் சார். நிறையப் பேருக்கு உபகாரப்பட்டிருக்கு."

"உங்களுக்குத் திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கும். மூணு நாளா என்கூட உக்காந்து டீ குடிக்கிறீங்க."

"ஆமா சார். நாளைக்கும் குடிக்கலாம்."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பொன்முடிக்காரரும் அக்கிரகாரத்து மாமியும் பார்த்த மாதிரியே பார்த்தேன். நானாவது ஏதாவது கண்டுபிடிப்பேன் என்று நினைத்தேன். மூன்று நாளாகப் பார்த்த முகம்தான்.

மறுநாள் மகளோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெஞ்சுகளை வாங்கியதும் நான்தான். முதுகுச் சாய்மானம் தேவையில்லை என்று குறிப்பு எழுதியதும் நான்தான். அரை மணி உட்கார்ந்தபோது அந்தக் குறிப்பின் தரம் தெரிந்தது. அவளை அழைத்தார்கள். "நான் மட்டும் போறேம்பா" என்று போனாள். கதவு சாத்தப்பட்டது. மருத்துவர் உள்ளே போனார். இருபது நிமிடம் ஆயிற்று. மகள் உறையோடு வந்தாள். அடுத்து ஓர் இளம் தம்பதி போய், அவர்களுடைய இருபது நிமிடத்துக்குப் பிறகு சிரித்தபடி வந்தார்கள். அதுவரை அவள் உறையை மடியில் வைத்தபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சாயா குடிக்கணும்பா" என்றாள்.

கேன்டீனுக்குப் போனோம். நான் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் என் பெயர் இல்லை. பாதித் தேநீர் குடித்தபின் அவளாகவே சொன்னாள்.

"இருக்காம்பா."

தம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, "அவங்க சொன்னப்போ காதுலயே விழல. மறுபடி சொல்லுங்கன்னேன். அதே மாதிரி சொன்னாங்க. மூணாவது தடவையும் கேட்டேன். சலிக்காம அதே மாதிரி சொன்னாங்க" என்றாள்.

"மாப்பிள்ளைகிட்ட பேசிட்டு..."

"ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சதுதான். இன்னொரு பிள்ளைய அப்படி வச்சுப் பாக்க எனக்குத் தெம்பில்லப்பா. கலைச்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

வேறொரு பெரிய மருத்துவரிடமும் காட்டிப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன். "மதி அப்பா" என்று நிறுத்திவிட்டாள். எப்போதும் கோபம் வந்தால் மலையாளத்தில் போதும் என்று சொல்கிறவள், இந்த முறை கோபமில்லாமல் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "இதுக்கு அவர் கையெழுத்து வேணுமா? அவர் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். இல்ல, நீங்க போட்டாப் போதுமா? உள்ள அவங்ககிட்டயே கேட்டேன். 'சட்டம் எல்லாம் எனக்கு அவ்வளவு தெரியாதும்மா. வெளியில அப்பா இருக்காரே, அவர்கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் நடைமுறை எல்லாம் தெரியும்'னாங்க."

அந்த விதி எந்தப் படிவத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். கணவனின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சண்டை போட்ட ஒரு மாமனாரை என் அறைக்கே கூட்டிவந்து, என் முன்னால் நிறுத்தி, சட்டத்தை வரி பிசகாமல் ஒப்பித்தவர். ஒரு சொல் நான் மாற்றிச் சொன்னதற்கு என்னையும் திருத்தினார்.

"யாரோட கையெழுத்தும் வேண்டாம்மா" என்றேன். "உன்னோடது மட்டும் போதும்."

"நிஜமா?"

"நிஜமா."

டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். முதலில் எந்த அறை, யாரைப் பார்க்கவேண்டும், என்னென்ன காகிதம், இரண்டு மருத்துவர்களின் அபிப்பிராயம் எந்த வரிசையில், எத்தனை மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது என்று எண் போட்டு எழுதினேன். அவள் நாற்காலியை நகர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எழுத எழுத வாசித்தாள். கடைசி எண்ணுக்கு எதிரே, உடன் ஒருவர் இருக்கலாம் என்று எழுதினேன்.